ஒரு சிப்ஸ் பொட்டலம் குகையை என்ன செய்துவிடும்?

2024 செப்டம்பரில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உள்ள கார்ல்ஸ்பாட் கேவர்ன்ஸ் தேசியப் பூங்கா தன் முகநூல் பக்கத்தில் ஒரு பதிவு போட்டது. அங்குள்ள சுண்ணாம்புக் குகையின் மிகப்பெரிய அறையில், நடைபாதையை விட்டு விலகிய ஓரிடத்தில், யாரோ ஒரு சீட்டோஸ் பொட்டலத்தைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சோளமாவைப் பொரித்துச் சீஸ் தூள் தூவிய தீனி அது; நம் ஊர் குர்குரே மாதிரி. மனிதர் கண்ணுக்கு இது அற்பமாகத் தெரியலாம், குகையில் வாழும் உயிர்களுக்கோ உலகமே மாறிப்போகும் விஷயம் என்று பூங்கா எழுதியிருந்தது. பரவிய பூஞ்சணத்தையும் குப்பையையும் சுரண்டி எடுக்க ஊழியர்களுக்கு 20 நிமிடம் பிடித்ததாம்.

செய்தி உலகமெங்கும் சுற்றியது. படித்தவர்களுக்குக் குழப்பமும் வந்தது. எட்டு ஏக்கருக்கு மேல் பரந்த குகை அறை. அதில் ஒரு கைப்பிடித் தீனி. நாற்பது லட்சம் ஆண்டுகள் தாக்குப்பிடித்த குகைக்கு இதுவா ஆபத்து? அந்தக் குகைக்குள் லிஃப்ட் இருக்கிறது, கான்கிரீட் பாதை இருக்கிறது. அதெல்லாம் போகட்டும், சிப்ஸ்தான் குற்றமா? நியாயமான கேள்விகள். பதில் சொல்ல, சுண்ணாம்புக் குகை என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சோதனைக் குழாய்க்குள் ஒரு குகை

பள்ளி ஆய்வகத்தில் செய்த சோதனை பலருக்கும் நினைவிருக்கும். தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் கரியமில வாயுவைச் செலுத்தினால் நீர் பால்போல் வெளுக்கும். பெரும்பாலும் அதோடு ஆசிரியர் நிறுத்திவிடுவார். நிறுத்தாமல் வாயுவைத் தொடர்ந்து செலுத்தினால் அந்த வெள்ளை கலைந்து, நீர் மறுபடி தெளிந்துவிடும்.

சுண்ணாம்புக் குகையின் வேதியியல் முழுவதும் இந்த இரண்டு மாற்றங்களில் அடங்கிவிடுகிறது. வெள்ளையாகத் தெரிந்தது கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல். கரியமில வாயு கூடுதலாகச் சேர்ந்ததும் அது கால்சியம் பைகார்பனேட்டாக மாறி நீரில் கரைகிறது. வாயு வெளியேறினால் பழையபடி கல்லாகப் படிகிறது. போர்வெல் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியிலும் வாட்டர் ஹீட்டர் கம்பியிலும் வெள்ளைப் பொருக்குக் கட்டுவது இதே காரணத்தால்தான்.

மலைமேல் பெய்யும் மழை, மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு இறங்குகிறது. வழியில் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துத் தனக்குள் வைத்துக்கொள்கிறது. குகையின் கூரையில் ஒரு துளியாக வந்து தொங்கும்போது, சுற்றியுள்ள காற்றில் வாயு குறைவாக இருப்பதால், துளியில் உள்ள வாயு வெளியேறுகிறது. உடனே துளியின் விளிம்பில், நூலிழையைவிட மெல்லியதாக, கால்சைட் (கால்சியம் கார்பனேட்டின் படிகம்) வளையம் ஒன்று படிகிறது. துளி விழுந்துவிடும்; வளையம் கூரையிலேயே தங்கும். அடுத்த துளி அதன் மேல் இன்னொரு வளையம் வைக்கும். வளையத்தோடு வளையம் சேர்ந்து உள்ளே துளையுள்ள குழலாக நீண்டு, பிறகு பருத்துத் தொங்குவது கல்விழுது. கீழே விழுந்த துளி மிச்சமிருக்கும் சுண்ணாம்பைத் தரையில் வைக்க, அங்கிருந்து மேல்நோக்கி வளர்வது கல்முளை. இரண்டும் தொட்டுக்கொண்டால் தூண்.

வளரும் வேகம் குகைக்குக் குகை மாறும். ஆண்டுக்கு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்பது சாதாரணம். கார்ல்ஸ்பாட்டில் அதுவும் கிடையாது. பனியுகக் காலத்து ஈரமான தட்பவெப்பம் போய் அந்தப் பகுதி பாலைநிலமாகிவிட்டதால், அங்குள்ள பெரும்பாலான விழுதுகள் சொட்டுவதையே நிறுத்திவிட்டன. ஒன்று ஒடிந்தால் அது திரும்ப வளராது.

கார்ல்ஸ்பாட் ஏன் தனி வகை

மழைநீர் மேலிருந்து கரைத்துக் குடைந்ததுதான் உலகின் பெரும்பாலான சுண்ணாம்புக் குகைகள். கார்ல்ஸ்பாட்டின் கதை தலைகீழ். அங்கே கரைப்பான் கீழிருந்து வந்தது.

சுமார் 26 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் காலத்தில், அந்த இடம் ஓர் உள்நாட்டுக் கடலின் கரை. கடற்பஞ்சுகளும் பாசிகளும் அங்கே பெரிய சுண்ணாம்புத் திட்டு ஒன்றைக் கட்டின. கடல் வற்றிய பின் அந்தத் திட்டு புதைந்து, பல கோடி ஆண்டுகள் கழித்து குவாடலூப் மலைத்தொடராக மேலெழுந்தது. பக்கத்துப் படுகையில் இன்றும் எண்ணெய் எடுக்கிறார்கள். அந்த எண்ணெய் வளத்திலிருந்து கசிந்த ஹைட்ரஜன் சல்பைடு (அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமே, அந்த வாயு) பாறை விரிசல்கள் வழியே மேலேறி, ஆக்சிஜன் கலந்த நிலத்தடி நீரைத் தொட்டதும் கந்தக அமிலமாக மாறியது. மலையை உள்ளிருந்து அரித்தது அந்த அமிலம்தான்.

அதற்குச் சாட்சி இன்றும் தரையில் கிடக்கிறது. கந்தக அமிலம் சுண்ணாம்புக்கல்லைத் தின்றால் மிஞ்சுவது ஜிப்சம். பெரிய அறையில் ஜிப்சப் பாளங்களைப் பார்க்கலாம். அமிலம் பட்டுக் களிமண் மாறியதில் உண்டான அலுனைட் என்ற கனிமத்தை வைத்து 1998-ல் ஆய்வாளர்கள் வயதும் கணித்தார்கள். மலையில் உயரத்தில் இருக்கும் குகைகளுக்கு ஏறத்தாழ 1.2 கோடி ஆண்டு. கார்ல்ஸ்பாட்டின் பெரிய அறைக்குச் சுமார் 40 லட்சம் ஆண்டு.

சிப்ஸ் கதைக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. இந்தக் குகையை எந்த ஆறும் குடையவில்லை; இன்றும் இதற்குள் எந்த ஓடையும் ஓடுவதில்லை. மேலே ஆண்டு மழை 400 மில்லிமீட்டருக்கும் குறைவு, சென்னையில் பெய்வதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. உள்ளே எது விழுந்தாலும் அடித்துக்கொண்டு போக வெள்ளம் வராது. வெயில் காய்ச்சாது. குப்பையைக் கிளறித் தின்ன நாயும் காக்கையும் இல்லை. தெருவில் போட்ட பொட்டலத்துக்கு இவ்வளவு பேர் வேலை செய்கிறார்கள் என்பதே, யாரும் செய்யாத இடத்தைப் பார்க்கும்போதுதான் தெரிகிறது.

பொட்டலம் விழுந்த பின் நடப்பது

ஆழ்குகையில் வெளிச்சம் இல்லை. வெளிச்சம் இல்லையென்றால் செடி இல்லை, செடி இல்லையென்றால் உணவு இல்லை. கசியும் நீரில் கரைந்து வரும் துளி அளவு கரிமப் பொருளையும் பாறையில் உள்ள தாதுக்களையும் வைத்தே அங்குள்ள நுண்ணுயிர்கள் பிழைக்கின்றன. பட்டினியே அங்கே இயல்பு நிலை. அதற்குப் பழகியவைதான் அங்கே தங்கின. இனி, வரிசையாகப் பார்ப்போம்.

1. பொரித்த சோளத் தீனி காற்றின் ஈரத்தை உறிஞ்சி ஊறிப்போகிறது. மாவு, எண்ணெய், உப்பு, பால்பொருள். அந்த இடம் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கண்டிராத விருந்து.

2. பூஞ்சையும் பாக்டீரியாவும் அதில் குடியேறுகின்றன. இவற்றில் பல, வந்துபோன மனிதர்களின் உடை, தோல், காலணி வழியாக உள்ளே வந்தவை. பட்டினியில் மெதுவாக வளரும் உள்ளூர் நுண்ணுயிரால் இவற்றோடு போட்டியிட முடியாது.

3. வாசனைக்குச் சுவர்க்கோழிகள், சிலந்திகள், ஈக்கள், கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள் வந்து சேர்கின்றன. இல்லாத உணவுச் சங்கிலி ஒன்று தற்காலிகமாக உருவாகிறது.

4. வந்தவை தின்றுவிட்டுப் போய் வேறிடத்தில் எச்சமிடுகின்றன, சாகின்றன. பொட்டலத்தின் சத்து இப்படிப் பக்கத்துப் பாறைகளுக்கும் விழுதுகளுக்கும் பரவுகிறது.

5. பூஞ்சணம் பாறைமேல் ஏறி, வித்துகளைத் தூவி, அழுகி நாறுகிறது. அந்த அழுகல் அடுத்த கூட்டத்துக்கு உணவு.

பொட்டலத்தை எடுத்துவிட்டால் முதல் மூன்று நின்றுவிடும். நான்காவதும் ஐந்தாவதும் பாறையில் தங்கிவிட்டவை. அதனால்தான் குனிந்து பொறுக்கியதோடு வேலை முடியாமல், ஊழியர்கள் பூஞ்சணத்தைச் சுரண்ட வேண்டியிருந்தது.

லிஃப்ட் இருக்கிறதே, வௌவால் இல்லையா?

இரண்டு எதிர்க்கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிட வேண்டும்.

கார்ல்ஸ்பாட்டில் கோடைக்காலத்தில் லட்சக்கணக்கான வௌவால்கள் தங்குகின்றன. அவை போடும் எச்சத்தின் முன் ஒரு பொட்டலம் எம்மாத்திரம்? 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த எச்சத்தை உரத்துக்காக வெட்டி எடுத்து விற்றே பிழைத்தார்கள், அவ்வளவு குவிந்திருந்தது. ஆனால் வௌவால்கள் தங்குவது வாயிலை ஒட்டிய தனிப்பகுதியில். அங்கே எச்சத்தை நம்பி வாழும் உயிரினங்கள் வேறு. தரைமட்டத்திலிருந்து சுமார் 230 மீட்டர் ஆழத்தில் இருக்கும் பெரிய அறைக்கு அந்தச் சத்து வந்து சேர்வதில்லை. ஒரே குகைக்குள் விருந்து வீடும் பட்டினி வீடும் தனித்தனியே இருக்கின்றன. பொட்டலம் விழுந்தது பட்டினி வீட்டில்.

லிஃப்ட் விஷயத்தில் குற்றச்சாட்டு சரிதான். 1930களின் தொடக்கத்தில் பாறையைத் துளைத்து அமைத்த லிஃப்ட், குகைக்குப் பெரிய மாற்றம். குகையின் ஈரக்காற்று அந்தத் துளை வழியே வெளியேறியதால் உள்ளே உலர்வு கூடியது. பின்னாளில் காற்றைத் தடுக்கும் கதவுகள் போட்டுச் சமாளித்தார்கள். நிலத்தடியிலேயே சாப்பாட்டுக் கூடமும் பல பத்தாண்டுகள் நடந்தது. இன்று புதிதாக ஒரு குகையைத் திறந்தால் இதையெல்லாம் செய்ய மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். பழைய பிழை ஏற்கெனவே நடந்துவிட்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ 4 லட்சம் பேர் வரும் இடத்தில், மனிதத் தடத்தை ஒரு நடைபாதைக்குள் அடக்கி வைப்பதே இப்போது செய்யக்கூடியது. பாதையைக் குகை பலிகொடுத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். பாதைக்கு இரண்டடி தள்ளியிருப்பது இன்னும் குகை. பொட்டலம் கிடந்தது பாதைக்கு வெளியே என்பதைப் பதிவு குறிப்பிட்டுச் சொன்னதன் காரணம் இதுவே.

தீனி கொண்டுபோகாதவரும் விட்டுவருவது

பொட்டலமாவது கண்ணில் பட்டது. கண்ணில் படாமல் ஒவ்வொருவரும் விட்டுவருவது வேறு.

சட்டையிலிருந்து உதிரும் நூல்துகள், முடி, தோல் செதில். ஒருவரிடமிருந்து உதிர்வது ஒன்றுமில்லை. லட்சம் பேரிடமிருந்து உதிர்ந்தால் பாதையோரப் பாறைகளில் சாம்பல் நிறப் பஞ்சாகப் படிகிறது. அதுவும் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் உணவு. இதை அகற்றவே 1980களின் இறுதியிலிருந்து தன்னார்வலர்கள் முகாமிட்டு வருகிறார்கள். மண்டியிட்டு, தூரிகையாலும் இடுக்கியாலும், விழுதுக்கு விழுது பஞ்சு எடுக்கும் வேலை. குகை தன்னைக் கழுவிக்கொள்ளாது என்பதை இவர்களைவிட அறிந்தவர் இருக்க முடியாது.

விரல். கைபட்ட இடத்தில் தோலின் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய்ப் படலத்தின் மேல் நீர் பரவாது. நீர் பரவாத இடத்தில் கால்சைட் படியாது. அந்த இடம் கறுத்து, வளர்ச்சி நின்றுவிடும்.

மூச்சு. நாம் வெளிவிடும் காற்றில் நூற்றுக்குச் சுமார் 4 பங்கு கரியமில வாயு. வெளிக்காற்றில் இருப்பதைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு. அதோடு ஓர் ஆள் ஏறத்தாழ 100 வாட் பல்பு அளவு வெப்பத்தையும் விடுகிறார். சோதனைக் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள்: காற்றில் வாயு கூடினால் படிதல் குறையும், மேலும் கூடினால் படிந்ததே கரையத் தொடங்கும். பெரிய அறையில் இது பரவிக் கலைந்துவிடும். சிறிய குகையில் கதை வேறு. பிரான்சின் லாஸ்கோ குகை 1940-ல் கண்டுபிடிக்கப்பட்டு, 1948-ல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. தினம் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் மூச்சும் விளக்கு வெளிச்சமும் சேர்ந்து, ஆதிமனிதர் தீட்டிய காளைகளின் மேல் பச்சைப்பாசி படர்ந்தது. 1963-ல் மூடினார்கள். இன்றும் சுற்றுலாப் பயணிகள் பார்ப்பது நகலைத்தான்.

எதை இழப்போம்

அதே பூங்காவுக்குள் லெச்சுகியா என்று இன்னொரு குகை இருக்கிறது. தரையின் கற்குவியலுக்கு அடியிலிருந்து காற்று சீறுவதைக் கவனித்து, 1986-ல் தோண்டி வழி கண்டார்கள். இதுவரை அளந்ததே 240 கிலோமீட்டருக்கு மேல். பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. ஆய்வுக்குப் போகிறவர்கள் பைக்குள் தலையைக் குனிந்து, துணுக்கு சிந்தாமல் சாப்பிட்டு, மலம் உட்பட எல்லாவற்றையும் சுமந்துகொண்டே வெளியேற வேண்டும்.

அங்கிருந்து எடுத்த பாக்டீரியாக்களைப் பற்றி 2012-ல் ஓர் ஆய்வு வந்தது. சுமார் 40 லட்சம் ஆண்டுகளாக வெளியுலகத் தொடர்பு இல்லாதவை அவை. மனிதர் கண்டுபிடித்த மருந்தை ஒருநாளும் பார்த்திராதவை. அவற்றில் சில, மருத்துவமனைகளில் நாம் பயன்படுத்தும் 14 வகை நுண்ணுயிர்க்கொல்லிகளைத் தாங்கி நின்றன. மருந்தை எதிர்க்கும் திறன் மனிதர் மருந்தை அதிகம் விழுங்கியதால் மட்டும் வந்தது என்ற எண்ணத்தை அது திருத்தியது. மண்ணுக்குள் நுண்ணுயிர்கள் ஒன்றையொன்று வீழ்த்தத் தாமே இத்தகைய வேதிப்பொருள்களை உண்டாக்குகின்றன. எதிர்க்கும் திறனும் அவ்வளவு பழையது. இதைத் தெரிந்துகொள்ள முடிந்தது, அந்தப் பாறையில் நம் உடம்பின் கிருமியும் நம் தீனியின் பூஞ்சையும் கலக்காமல் இருந்ததால். கலந்துவிட்டால் எது பழையது, எது நேற்று வந்தது என்று பிரிக்கவே முடியாது.

எல்லாக் குகைக்கும் ஒரே கணக்கா?

இல்லை. சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில், காங்கேர் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவுக்குள் உள்ள குடும்சர் குகையை எடுத்துக்கொள்வோம். அதுவும் சுண்ணாம்புக் குகை. ஆனால் மழைக்காலத்தில் அதற்குள் வெள்ளம் புகும். இலை, சுள்ளி, மண் எல்லாம் அடித்து வரும். அங்கே கண்பார்வை மங்கிய மீன்கள் வாழ்வது அந்த வரவை நம்பித்தான். ஆண்டுக்கு ஒருமுறை கழுவப்படும் குகை அது. மழைக்காலத்தில் பயணிகளுக்கு மூடிவிடுகிறார்கள். மனிதருக்குப் பாதுகாப்பு, மீனுக்கும் நிம்மதி.

அங்கே சிப்ஸ் போட்டால் பரவாயில்லை என்று பொருளில்லை. பிளாஸ்டிக் உறை ஓடையோடு போய் வேறிடத்தில் அடையும். தேங்கிய குட்டையில் அழுகும் தீனி, நீரின் ஆக்சிஜனைத் தின்னும். கெடுதல் வரும் வழிதான் வேறு. மலேசியாவின் பத்துமலையும் சுண்ணாம்புக் குன்றுதான். தைப்பூசக் கூட்டம் ஏறும் கோயில் குகைக்குப் பக்கத்திலேயே இருட்டுக் குகை இருக்கிறது. அதில் வாழும் அரிய பொறிக்கதவுச் சிலந்தி அந்த இடத்தின் பெயராலேயே அறியப்படுகிறது. கோயில் குகையின் விதியைப் பக்கத்துக் குகைக்குப் போட முடியாது.

போகிறவர்களுக்கு

கார்ல்ஸ்பாட் போகத் திட்டமிட்டால், நேரம் குறித்து முன்பதிவு செய்துகொள்ளுங்கள். உள்ளே ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 13 டிகிரி செல்சியஸ். ஒரு ஸ்வெட்டர் வேண்டும். இயற்கை வாயில் வழியாக இறங்கினால் 2 கிலோமீட்டர் செங்குத்துச் சரிவு; முழங்கால் வலி உள்ளவர்கள் லிஃப்டில் போவது நல்லது. விதிகளும் அவற்றின் காரணங்களும்:

1. வெறும் தண்ணீர் தவிர எதுவும் கூடாது. காரணத்தை மேலே பார்த்தோம். சுவிங்கமும் புகையிலையும் இதில் அடங்கும்.

2. வேறு குகைக்கு அணிந்துபோன காலணி, உடை, பை எதையும் எடுத்துவராதீர்கள். 2006-ல் நியூயார்க் மாநிலத்தில் முதலில் தென்பட்ட வெள்ளைமூக்கு நோய், ஒரு பூஞ்சையால் வருவது. குளிர்காலத்தில் உறங்கும் வௌவாலின் மூக்கிலும் இறக்கையிலும் வளர்ந்து, அதை இடையிலேயே எழுப்பி, சேமித்த கொழுப்பைத் தீர்த்து, பட்டினியில் கொல்கிறது. வட அமெரிக்காவில் பல லட்சம் வௌவால்கள் இப்படிச் செத்தன. அதன் வித்து செருப்பின் அடியில் ஒட்டிப் பயணம் செய்யும்.

3. தொடாதீர்கள். ஒரு விரல்கூட.

4. குட்டைகளில் காசு போடாதீர்கள். உலோகம் அரித்து நீரில் கலக்கும். கல்லில் கறை படியும்.

5. அவசரம் வந்தால் ஊழியரிடம் சொல்லுங்கள், பாதையை விட்டு ஒதுங்காதீர்கள்.

பார்த்து முடித்து மேலே வந்ததும் உடனே கிளம்பிவிட வேண்டாம். கோடைக்கால மாலைகளில் வாயிலுக்கு எதிரே உள்ள கல்படிகளில் மக்கள் உட்கார்ந்திருப்பார்கள். கைபேசி, கேமரா எதையும் இயக்க அனுமதி இல்லை. வெளிச்சம் மங்கும் நேரத்தில் வௌவால்கள் சுழன்று சுழன்று வெளியேறி, பூச்சி தேடித் தென்கிழக்கே போகும். இருட்டியபின் சிறகோசை மட்டும் கேட்கும்.